மாவு மில்லுக்கு மேலே கேட்கும் குரல்

இமயமலைக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள், சிங்கப்பூர் போனவர்கள் எழுதுகிறார்கள். நான் அஞ்சுகிராமத்திலிருந்து இராஜாக்கமங்கலம் துறை வரைக்கும் போனேன். போக வர அறுபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். இருந்தாலும் சொந்த மாவட்டத்துக்குள்ளேயே அப்படியொரு பயணம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. அதனால் நானும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஏழே கால் மணி. அஞ்சுகிராமம் பஸ் நிறுத்தத்தில் என் மதினி சுயம்புகனி எனக்கு முன்னாலேயே வந்து நின்றாள். என் அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறான். ஊரில் அவன் போட்டுவிட்டுப் போன மாவு மில்லை இவள் ஒருத்திதான் ஓட்டுகிறாள். நாள் முழுக்க மோட்டார் இரைச்சலுக்குள் நின்று பேசிப் பழகியதால், மதினி ரகசியம் சொன்னாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். என்றும் சேலையில் இருப்பவள் அன்று கறுப்புச் சுடிதார் போட்டிருந்தாள்.

"என்ன மதினி, யாரு செத்தது? துட்டி வீட்டுக்கா போறோம்?" என்றேன்.

"ஏட்டி வசந்தி, ராக் கச்சேரிக்குக் கறுப்புதாம் போடணும். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம வா."

விஷயம் இதுதான். ஜெரோன் என்று ஒரு ராக் பாடகர், சென்னைக்காரர். தோள் வரை முடி. அவருடைய முதல் பாட்டின் நடுவில் ஒரு நீளக் கத்தல் வரும். அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே மேலே போய், இனிமேல் முடியாது என்று நாம் நினைக்கிற இடத்தில் இன்னும் ஒரு படி ஏறும். அதை வைத்து இணையத்தில் பண்ணாத கேலி இல்லை. போன வாரம் ஒரு டி.வி. பேட்டியில் மனிதர் சொல்லிவிட்டார்: அது விவரம் தெரியாத வயதில் கத்தியது, இப்போது கேட்டால் தனக்கே கூச்சமாக இருக்கிறது, இனி மேடையில் பாடமாட்டேன் என்று. இப்போதெல்லாம் பிள்ளையைத் தூங்க வைக்கிறது மாதிரிதான் பாடுகிறார். எனக்கு அந்தக் கத்தலும் பிடிக்காது, இந்தத் தாலாட்டும் பிடிக்காது. மதினிக்கு மட்டும் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

"மில்லு ஓடும்போ வேற ஒரு பாட்டும் கேக்காது மக்கா. அவரு கத்துறது ஒண்ணுதாம் மோட்டாருக்கு மேல வரும். அது வந்தா, பக்கத்துல கூட ஒரு ஆளு நிக்குது மாதி இருக்கும். அதையும் விட்டுட்டாருன்னா நான் என்ன செய்ய? நேருல பாத்து இத ஒண்ணு சொல்லணும், அவ்வளவுதாம்."

அன்று ஜெரோன் எங்கள் மாவட்டத்தில் நான்கு இடங்களில் தலைகாட்டுவதாக இருந்தது. நாகர்கோவிலில் எஃப்.எம். நிலையம், அங்கேயே ஒரு போன் கடைத் திறப்பு, சாயங்காலம் துறைக் கடற்கரையில் யூடியூப் பேட்டி, அதன் பிறகு துறையில் கோயில் திருவிழாக் கச்சேரி. நான்கில் ஒரு இடத்திலாவது சொல்லிவிடலாம் என்பது மதினியின் கணக்கு. மில்லைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டிருந்தாள்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மயிலாடி, வழுக்கம்பாறை, சுசீந்திரம் என்று பதினாறு கிலோமீட்டரும் மதினி சொல்ல வேண்டியதை ஒப்பித்துக்கொண்டே வந்தாள். "வணக்கம் சார், நான் மாவு மில்லு வச்சிருக்கேன்" என்று ஆரம்பம். கோட்டாறு வருவதற்குள் அந்த பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. இறங்கும்போது கண்டக்டர், "நல்லா தைரியமாச் சொல்லுங்கக்கா" என்று வாழ்த்தி அனுப்பினார்.

ஒன்பது மணி. எஃப்.எம். நிலையத்து வாசலில் எங்களைப் போல முப்பது பேர். எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள், நாங்கள் இருவர்தான் குடும்பஸ்திகள். ஜெரோன் உள்ளே போயாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேசுகிறார், இந்தப் பக்கம் நாங்கள் வெயிலில் நின்று அதையே என் போனில் கேட்கிறோம். என்ன பிழைப்பு இது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அதற்குள் மதினி தன் போனிலிருந்து நிகழ்ச்சிக்கு அடித்துவிட்டாள். ஆச்சரியம், உடனே லைன் கிடைத்தது!

"வணக்கம், யாரு பேசுறீங்க? ரேடியோ சவுண்டைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றது தொகுப்பாளினியின் குரல்.

சவுண்டு வருவது என் போனில். மதினி பதற்றத்தில் தன் போனில் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். லைன் போச்சு. பிறகு எத்தனை முறை அடித்தும் கிடைக்கவில்லை. நான் சிரித்த சிரிப்பில் வாசல் காவலாளி எட்டிப் பார்த்தார்.

பதினொன்றரைக்குச் செட்டிகுளத்தில் போன் கடைத் திறப்பு. கறுப்புச் சட்டை போட்ட பவுன்சர்கள் இரண்டு பேர். ஏதாவது வாங்கினவர்களுக்கு மட்டும்தான் செல்ஃபி என்றார்கள். மதினி நூற்றித்தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு ஒரு போன் கவர் வாங்கினாள். அது அவள் போனுக்குச் சேராது. அரை மணி நேர வரிசைக்குப் பிறகு ஜெரோன் பக்கத்தில் போய் நின்று, "வணக்கம் சார், நான் மாவு..." என்று தொடங்கினாள். "நகருங்க, அடுத்தவங்க வரட்டும்" என்று பவுன்சர் தள்ளிவிட்டார். படத்தில் மதினி வாயைத் திறந்தபடி நிற்கிறாள். 'மா' வரைக்கும் வந்திருக்கிறது.

"இனி வீட்டுக்குப் போலாமா மதினி?"

"போற ஆளு போ. நான் வரல்ல."

தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, சூசை அண்ணன் என்பவரின் ஆட்டோவைப் பிடித்தோம். அவருக்குத் துறைதான் ஊர். கோணம் வழியாகப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர், முந்நூற்றைம்பது ரூபாய். வழியில் மதினியின் கதையை முழுக்கக் கேட்டவர், "சாரமில்ல, கவலப்படாதீங்க, எங்க ஊருல வச்சிப் பாத்துக்கிடலாம். எங்க ஆளுகளுக்கு மெதுவா பறைஞ்சா பிடிக்காது" என்றார். தென்னந்தோப்புகள் முடிந்து கடற்காற்று முகத்தில் அடித்ததும் எனக்கே கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது.

மணி மூன்றரை. கரையில் வள்ளங்கள் வந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பின்னணி அழகாக இருக்கும் என்று யூடியூப்காரர்கள் ஜெரோனை ஏலக்கூட்டத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் புறம். பிள்ளைகள் "ஜெரோன்! ஜெரோன்!" என்று கை அசைக்க, அவரும் விரல்களைக் கொம்பு மாதிரி நீட்டிக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டாயிரம்!" என்றார் ஏலம் விடுகிறவர்.

மதினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன் ஏலத்தில் கை தூக்கினால் விலை கேட்டதாக அர்த்தம். எதிரே ஒரு வியாபாரி அம்மா தலையை ஆட்டினார், இரண்டாயிரத்து நூறு. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், ஜெரோன் மறுபடியும் கையைத் தூக்கினார். இரண்டாயிரத்து இருநூறு!

"கையத் தாத்துங்க சார்!" என்று மதினி போட்ட சத்தத்தில் வள்ளத்துக் காக்கை எல்லாம் பறந்தது. பாடகர் திடுக்கிட்டுத் திரும்பினார். யாரோ தன்னை வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து, இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"போச்சு! முடிக்காரருக்குப் போச்சு!" என்று ஏலம் முடிந்தது. ஒரு பெரிய குவியல் அயலை மீன் ஜெரோனுக்குச் சொந்தமானது. கரையே விழுந்து விழுந்து சிரித்தது. விவரம் தெரிந்ததும் அவரும் தலையில் கை வைத்துச் சிரித்தார். "வேண்டாம்னா விட்டிருங்க, தெரியாம செஞ்சதுதான" என்றார்கள். "இல்லைங்க, கை தூக்கினது நான்தானே" என்று மானேஜரிடம் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டார். பிறகு மீனைப் பார்த்து விழித்தார். "இதை வச்சு நான் என்னங்க பண்றது? அப்போ சத்தம் போட்ட அக்கா யாரு, அவங்களைக் கூப்பிடுங்க."

காலையில் தள்ளிவிட்ட அதே பவுன்சர் கயிற்றைத் தூக்கிப் பிடித்து மதினிக்கு வழிவிட்டார். மதினி சுடிதார் ஷாலை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தாள். பாதி, திருவிழா அடுக்களைக்கு. மீதி, வந்திருந்த பிள்ளைகளுக்குப் பைபையாக. ஜெரோன் குழுவுக்கு ஒரு பை. தேங்காயை எப்படி அரைப்பது, புளி எவ்வளவு, மாங்காய் எப்போது போடுவது, எதற்காகக் கரண்டி போட்டுக் கிண்டக் கூடாது என்று ஜெரோனுக்குப் பாடமே நடத்தினாள். அவர் கைகட்டிக் கேட்டார், நன்றி சொன்னார், காரில் ஏறினார், போய்விட்டார்.

மதினி மீன் கையோடு சிரித்துக்கொண்டே வந்தாள். பாதி மணலில் நின்றாள்.

"ஏட்டி... மில்லப் பத்தி நான் சொல்லவே இல்லியே."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது. காலையிலிருந்து கேலி பண்ணிக்கொண்டிருந்த எனக்கே பொறுக்கவில்லை. ஐந்து நிமிஷம் கிடைத்ததே, பாவி, அதை முழுக்க மீன்குழம்புக்குக் கொடுத்துவிட்டாளே! பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "கச்சேரி இருக்கு மதினி" என்றேன். மேடைக்கும் நாங்கள் உட்காரப் போகும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஏழு மணிக்குக் கச்சேரி. கோயில் முற்றம் நிறைய ஊர், சீரியல் விளக்கு, சுக்குக் காப்பி பத்து ரூபாய். ஜெரோன் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் தாலாட்டுகளைத்தான் பாடினார். ஊர் மரியாதையாகக் கைதட்டியது. சூசை அண்ணன் கொட்டாவி விட்டார். மூன்றாவது பாட்டில் கரன்ட் போனது.

மேடைக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர். அதை ஓட்டினார்கள். தடதடவென்று அது போட்ட இரைச்சலுக்கு, அஞ்சுகிராமம் மில்லே தோற்றுவிடும். பெரிய ஸ்பீக்கர்களை அது தாங்காது என்று இரண்டு சின்னப் பெட்டிகளுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்தார்கள். ஜெரோன் வாய் அசைகிறது, பாட்டைக் காணோம்.

என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மதினி எழுந்து நின்றிருந்தாள். அண்ணனுக்கு அனுப்பலாம் என்று போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினேன்.

"கேக்கல்ல!"

முற்றம் மொத்தமும் திரும்பியது. ஜெரோன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "மீன் அக்காவா?" என்று சிரித்தது உதட்டில் தெரிந்தது.

"ஒண்ணும் கேக்கல்ல சார்! மில்லுலயும் இது கேக்காது! எனக்கு மாவு மில்லு! ஒங்க மொதப் பாட்டுல கத்துவியள்ளா, அது ஒண்ணுதாம் மோட்டாருக்கு மேல கேக்கும்! அத வச்சிதாம் நான் நாள ஓட்டுகேன்! அதப் போயி வெக்கம்னு சொல்லிட்டியளே!"

மைக் இல்லை, ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஜெனரேட்டரைத் தாண்டி மேடைக்குப் போனது. யாரும் சிரிக்கவில்லை. ஜெரோன் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு மேடை ஓரத்துக்கே வந்து, வாய்க்குக் கை குவித்துக் கத்தினார்: "அக்கா, இப்போ கேக்குதா பாருங்க!"

கிளம்பியது அந்தக் கத்தல். மேலே போனது, இன்னும் மேலே போனது, முடிந்தது என்று நினைத்த இடத்தில் இன்னொரு படி ஏறியது. ஜெனரேட்டர் இருந்த இடம் தெரியவில்லை! ஊர் எழுந்து கூடவே கத்தியது. சூசை அண்ணன் துண்டைச் சுழற்றினார். ஒரு கட்டத்தில் பார்த்தால், எனக்கு ராக் பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான் நாற்காலி மேல் ஏறி நின்று, ஒரு கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்தபடி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று ஞாபகம் இல்லை.

சூசை அண்ணன் எங்களை அஞ்சுகிராமம் வரைக்கும் கொண்டுவிட்டார். மடியில் அயலைப் பை. எங்கள் இரண்டு பேருக்கும் குரல் இல்லை, வழியெல்லாம் கையாலேயே பேசிக்கொண்டு வந்தோம்.

திங்கட்கிழமை அரிசியோடு மில்லுக்குப் போனேன். மோட்டார் ஓடுகிறது, மதினி தலை முழுக்க மாவு. ஜன்னலில் சாத்தியிருந்த போனில் நான் எடுத்து அனுப்பிய படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஜெரோன் குரல் கொஞ்சம்தான் இருக்கிறது. போன் என் கையில் இருந்ததால் எங்கள் குரல்தான் அதிகம். மில் இரைச்சலுக்கு மேலே, தெருமுனை வரைக்கும் தெளிவாகக் கேட்டது மதினியின் 'கேக்கல்ல!'

"ஒறிஜினல் பாட்டப் போடலியா?" என்று சைகையில் கேட்டேன்.

மதினி மாவுக்கையை ஆட்டி மறுத்தாள். "இதுதாம் நல்லா கேக்கு" என்றாள்.