படுக்காத இருவர்

கூட்டம் கூடினாலே எனக்குப் பதற்றம். சூலூர் பேருந்தில் ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த நரைத்த மீசைக்காரரும் எண்ணினார். வடக்கே ஒரு போலீஸ் பயிற்சிப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தாராம். தீவிரவாதிகள் புகுந்து சுட்ட இடம் அது.

"நீங்க ஓடலீங்களா?" என்றேன்.

"நான் ஓடுனா பசங்களும் வரிசையாப் பின்னால வந்துபோடுவாங்க. அப்படித்தானுங்க பழக்கியிருந்தேன். அதனால நின்ன எடத்துலயே, படுக்கச் சொல்லி விசில் ஊதினேன். படுத்துட்டாங்க. கடைசி வரைக்கும் ரெண்டு பேரு மட்டும் படுக்கலீங்க."

"பயத்துலயா?"

"இல்லீங்க. மிரண்டு நின்ன பசங்களை அமுக்கிப் படுக்க வெச்சாங்க. அந்த ரெண்டு பேருதான் குண்டு பட்டுப் போயிட்டாங்க. அதை நான் சொல்லிக் குடுக்கலீங்க."

பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்லும் தகப்பனைப் போல அதைச் சொன்னார். கண்கள் மட்டும் நிறைந்திருந்தன. அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.