கடைசி அழைப்பு ஒரு தடவைதான்

இப்போதும் ஆங்கிலத்தில் எதைப் படித்தாலும் அது அவளுக்குத் தன் குரலில் கேட்பதில்லை. வாடகை ஒப்பந்தமோ, மாத்திரை அட்டையோ, மேலாளர் அனுப்பும் சிடுசிடு கடிதமோ, எல்லாமே அண்ணியின் குரலில்தான் வரும். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் கூடையிலிருந்து எடுத்துத் தரையில் வைப்பதுபோல. நாடு விட்டு வந்து ஒன்பது வருடமாகிறது. பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த பாதிப் பொருள் தொலைந்துபோயிற்று. குரல் தொலையவில்லை.

அண்ணி என்றால் கணவனின் அக்கா. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். முதல் மாடியில் கண்ணாடி வைத்த சின்ன அறை; உள்ளே ஒரு மைக், கடகடவென்று தலையாட்டும் மின்விசிறி, வெந்நீர் நிரப்பிய ஃபிளாஸ்க். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரைக்கும், எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. பதினாறு வருடம் அப்படிச் சொல்லிச் சொல்லி, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"சாப்பாடு ரெடி. சாப்பாடு ரெடி."

"ஒரு தடவை சொன்னாலே வருவோம்க்கா," என்பான் தம்பி, அதாவது அவள் கணவன். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவன். முழங்கை வரைக்கும் கிரீஸோடு வந்து நிற்பான்.

"நீ எங்க வந்த? ரெண்டாவது தடவைக்கு அப்புறம்தானே வந்த."

அவள் வேலை குடிநீர் ஆய்வுக்கூடத்தில். ஊரின் பல மூலைகளிலிருந்து பாட்டில்களில் வரும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். மருந்து சொட்டுச் சொட்டாக விழ, நிறம் எந்தச் சொட்டில் மாறுகிறது என்று காலை முழுக்கக் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல், கண்ணாடித் தட்டில் முளைத்த கிருமிப் புள்ளிகளை எண்ண வேண்டும். பதினோரு வருடமாக எண்ணிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கெட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்துவிடும். ஏன் கெட்டது, எப்படிச் சரிசெய்வது என்று கேட்டால், "அதெல்லாம் இன்ஜினியருங்க பாத்துப்பாங்கம்மா," என்பார் மேலதிகாரி. ஒரே தெருவின் தண்ணீர் நான்கு வருடமாகக் கெட்டே வந்துகொண்டிருந்தது. யாரும் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர்ச் சுத்திகரிப்பு பற்றி வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க உதவித்தொகை தருகிறார்கள் என்று தெரிந்தது. இரண்டு நிபந்தனை. நுழைவுத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதி இவ்வளவு மதிப்பெண் எடுக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது முப்பத்தைந்து தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு அப்போது முப்பத்து நான்கரை. அடுத்த முறை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கணக்குப் பகுதிக்கு அவள் பயப்படவில்லை. காலையில் அடுப்படிக் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு அவளே போட்டுப் பார்த்துவிடுவாள். வாசிப்புப் பகுதிதான் எமனாக நின்றது. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழில் படித்தவள். போதாததற்கு, சாயங்காலம் வீடு திரும்பும்போது கண் இரண்டும் மிளகாய் அப்பியதுபோல எரியும். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் தட்டில் முளைத்த புள்ளிகளாக ஊரத் தொடங்கும். ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அழுகிறாளா கண்ணில் விட்ட சொட்டு மருந்து வழிகிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி வந்து புத்தகத்தை எடுத்தாள். "கண்ணுல ஈரத்துணி போட்டுட்டுப் படு. நான் படிக்கிறேன்."

"அண்ணி, இது பஸ் டைம் இல்ல. தேனீயைப் பத்தி ரெண்டு பக்கம்."

"தேனீயோ யானையோ, எழுத்து எழுத்துதானே. எனக்கு அர்த்தம் வேண்டாம். எந்த இடத்துல மூச்சு விடணும்னு தெரிஞ்சா போதும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் ஐந்தரை மணிக்கு அவள் பாயில் படுப்பாள். அண்ணி பிரம்பு மோடாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, தேனீக்களை நடைமேடைக்கு அழைப்பாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை. முதல் தடவையில் அவளுக்குச் சொற்கள் பிடிபடும். இரண்டாவதில் பொருள் விளங்கும். பக்கம் முடிந்ததும் அவள் தமிழில் கதையைச் சொல்ல வேண்டும். அதுதான் அண்ணிக்குக் கூலி. எரிமலைத் தீவுகள், பழங்கால நாணயங்கள், தூங்காத மீன்கள் என்று அந்த ஐந்து மாதத்தில் மூவரும் உலகம் சுற்றினார்கள். அடுப்படியில் பாத்திரம் தேய்த்தபடியே தம்பி கேட்பான்: "அந்த மீனு தூங்கிச்சா இல்லியா?"

அப்படி ஒரு சாயங்காலம், பேச்சுவாக்கில் அவள் கேட்டாள்: "எல்லாத்தையுமே ரெண்டு தடவைதான் சொல்லுவீங்களா அண்ணி?"

"கடைசி அழைப்பு மட்டும் ஒரே தடவை. அது விதி இல்ல, என் வழக்கம்."

"ஏன்?"

"ரெண்டாவது தடவை வரும்னு தெரிஞ்சா ஜனங்க நின்னு காது கொடுத்துக் கேப்பாங்க. ஒரே தடவைன்னா ஓடுவாங்க. வண்டி நகரும்போது கேக்குறவன் ஏற மாட்டான், ஓடுறவன்தான் ஏறுவான்."

தேர்வு நாளன்று காலை, ஒரு கணினி மையத்தில் கைக்கடிகாரத்தையும் சொட்டு மருந்தையும் வெளியே வாங்கி வைத்துக்கொண்டு அவளை உள்ளே விட்டார்கள். திரையில் முதல் பத்தி, இடம்பெயரும் பறவைகளைப் பற்றியது. முதல் வாக்கியத்தைக் கண் தொட்டதுமே காதுக்குள் அண்ணி படிக்கத் தொடங்கிவிட்டாள். தெளிவாகப் புரிந்தது. அடடா என்று இருந்தது. அடுத்த வாக்கியத்துக்குப் போகப் பார்த்தாள், போக முடியவில்லை. அண்ணி அதே வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துக்கொண்டிருந்தாள்.

கண் முன்னால் ஓடியது. காது பின்னால் நின்று இழுத்தது. இரண்டாவது தடவை கேட்காமல் எந்த வாக்கியத்துக்கும் பொருள் வர மறுத்தது. திரையின் ஓரத்தில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வந்தன. கணக்குக்கு மணி பார்த்தவள் வாசிப்புக்கு ஒருநாளும் பார்த்ததில்லை. அண்ணி படிக்கும்போது யார் மணி பார்ப்பார்கள்? நேரம் முடிந்து பகுதி தானாக மூடிக்கொண்டபோது ஏழு கேள்விகள் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டன.

கணக்கை முடித்ததும் பத்து நிமிட இடைவேளை. மீதி இன்னொரு வாசிப்புப் பகுதி. அதிலும் ஏழு போனால் எல்லாம் முடிந்தது. திரும்பிப் போய்ப் புள்ளி எண்ண வேண்டியதுதான். நடைபாதை பெஞ்சில் அண்ணாந்து கண்ணில் மருந்து விட்டுக்கொண்டாள். குரலை அதட்டிப் பார்த்தாள். போதும் அண்ணி, ஒரு தடவை போதும் என்று கெஞ்சியும் பார்த்தாள். பதினாறு வருடக் குரல் யார் சொல்லுக்குக் கட்டுப்படும்? ஐந்து மாதம் பாடுபட்டுப் படித்துக் காட்டியவள் மேலேயே கோபம் வந்தது. வந்த வேகத்தில் வெட்கமாகவும் இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்தபோதுதான் தோன்றியது: அண்ணியை யாரும் நிறுத்த முடியாது, சரி. ஆனால் அண்ணியே ஒரே தடவை சொல்வது ஒன்று உண்டே.

திரை விரிந்ததும் கண்ணை ஒரு நொடி மூடி, கண்ணாடி அறையை மனதில் கொண்டுவந்தாள். கீழே வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. அண்ணி மைக்கைக் கிட்டே இழுத்து, குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். முதல் வாக்கியம் ஒரே தடவை வந்தது. அவள் ஓடினாள். பத்தி முழுக்க, பக்கம் முழுக்க, ஒவ்வொரு வாக்கியமும் கடைசி அழைப்பு. மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிக் கேள்வியில் ஏறியபோது ஒன்றரை நிமிடம் மிச்சம் இருந்தது.

மதிப்பெண் திரையிலேயே வந்தது. வேண்டியதற்கு மேல் இரண்டு.

நேரே பேருந்து நிலையத்துக்குப் போனாள். கண்ணாடிக்குக் கீழே நின்று இரண்டு விரலைக் காட்டினாள். அண்ணி அறிவிப்பின் நடுவில் இருந்தாள், நிறுத்தவில்லை. இரண்டாவது தடவையும் சொல்லி முடித்துவிட்டு, மைக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்தாள்.

"என்னது ரெண்டு? ரெண்டே மார்க்கா?"

"வேண்டியதுக்கு மேல ரெண்டு. பாஸ் அண்ணி."

"ஒழுங்கா சொல்லு."

"பாஸ் அண்ணி. பாஸ் அண்ணி."

அந்த முதல் பகுதியில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம்கூட. சொன்னால் சிரித்துக்கொண்டே அக்காவிடம் போட்டுக் கொடுத்துவிடுவான்.

கிளம்பும் நாளும் வந்தது. கணவன் ஆறு மாதம் கழித்து வருவதாக ஏற்பாடு. விமான நிலையம் போகும் வண்டி பத்தே காலுக்கு, மூன்றாவது நடைமேடையில். அண்ணி அன்றைக்கு விடுப்பு எடுக்கவில்லை. "நான் லீவு போட்டா உன் வண்டிய யாரு அனுப்பறது?" என்றாள். கணவன் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றான். மேலே கண்ணாடிக்குப் பின்னால் அண்ணியின் உருவம் மங்கலாகத் தெரிந்தது. வழக்கமான அறிவிப்பு வந்தது, இரண்டு மொழியில், இரண்டு தடவை. பிறகு கடைசி அழைப்பு. ஓட்டுநர் வண்டியை எடுத்தார்.

வண்டி நடைமேடையை விட்டுத் திரும்பும்போது கடைசி அழைப்பு இன்னொரு தடவை வந்தது.

ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார். பல வருடமாக அந்தக் குரலைக் கேட்டு வண்டி எடுக்கிறவர். தலையைத் திருப்பி, "யாராச்சும் ஏறணுமா?" என்று கேட்டார்.

பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "யாரும் இல்ல, போங்க," என்றாள்.