மாட்டுப் பொங்கலன்று வாலபிக்குப் போட்ட மாலை

எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் எழுத வந்தது தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அலங்காநல்லூர் பக்கம் ஒரு தோப்பு. டிக்கெட் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து சுற்றிப் பார்ப்பார்கள். முயல், ஈமு எல்லாம் என் பொறுப்பு. ஒருநாள் முதலாளி புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து கூண்டில் விட்டார். இடுப்பளவுகூட இல்லை, பின்னங்காலால் தத்திப் போகும். கூண்டில் ‘கங்காரு’ என்று போர்டு மாட்டினார்.

செக்கப்புக்கு வந்த டாக்டரம்மா போர்டைப் பார்த்துச் சிரித்தார்.

“கங்காரு இனந்தான்ணே, ஆனா சின்னது. வாலபின்னு பேரு. சிட்னி பக்கம் ஆதியிலருந்து இருக்கிற ஜனங்க வச்சது. வெள்ளக்காரங்க வந்து நிலத்தைப் பிடுங்கிட்டு, பேரை மட்டும் வச்சுக்கிட்டாங்க. அந்தப் பாஷை பேசுறவங்க இப்ப ரொம்பக் கொஞ்சம்.”

கிளம்பும்போது, “கூட்டம், சத்தம் ஆகாது. ரொம்பப் பயந்தா சதை இறுகிச் செத்துரும்” என்றார்.

முதலாளியிடம் இரண்டையும் சொன்னேன். “வாலபின்னா எவன் மாப்ள வருவான்? கங்காருன்னே கெடக்கட்டும்.”

கீரையோடு போய் உட்கார்ந்தால் மெல்ல வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு தின்னும். யாரும் இல்லாதபோது வாலபி என்றே கூப்பிடுவேன். அதன் ஊரிலிருந்து கூட வந்தது அந்தப் பேர் ஒன்றுதானே.

மாட்டுப் பொங்கலன்று முதலாளி தன் காளைக்கு மாலை போட்டுவிட்டு, கொட்டுக்காரர்களோடு நேராகக் கூண்டுக்கு வந்தார்.

“இதுவும் நம்ம வீட்டுப் பிராணிதான மாப்ள. இதுக்கு மட்டும் பொங்கல் இல்லையா? கதவைத் தொற.”

“வேணாம்ணே, பயந்துரும். டாக்டரம்மா சொன்னாங்கள்ல.”

“இம்புட்டு நாளா சோறு போட்ட வீட்ல என்ன பயம்? அது பயப்படாது, நீதான் பயப்படுற!”

எல்லோரும் சிரித்தார்கள். சாவியை வாங்கி, கூட வந்த ஆட்களோடு அவரே உள்ளே போய் மாலையைப் போட்டார். குலவை, கொட்டு, வெளியே வெடி. அது கம்பிவலையில் திரும்பத் திரும்பப் பாய்ந்தது. ஆட்களை நான் வெளியே தள்ளுவதற்குள் மூலையில் சாய்ந்துவிட்டது. டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். கால்கள் கட்டையாக இறுகியிருந்தன. பொழுது சாயும்போது என் மடியில் அடங்கியது.

முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “காளைக்குச் செஞ்சதத்தான மாப்ள இதுக்கும் செஞ்சேன்.”

அது உண்மைதான். செத்த காளைக்குச் செய்வதுபோலவே புதுத் துண்டு போர்த்திக் குழியில் இறக்கினார். மண்ணைத் தள்ளும்போது, “அது பேரு என்னமோ சொன்னியே?” என்று கேட்டார். சொன்னேன்.

தம்பிகளே, நம்முடைய பிரியம் எல்லாப் பிராணிக்கும் ஒத்துக்கொள்ளாது. அதற்கு எது ஆகும் என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறங்கள்.

மறுநாள் பெயிண்டர் வந்து போர்டில் கங்காருவை அழித்துவிட்டு ‘வாலபி’ என்று எழுதினார். நான் கூண்டைக் கழுவிப் பூட்டினேன்.