சிவகௌரி எடுத்துக்கொண்ட பதின்மூன்று நிமிடங்கள்

சிவகௌரியின் மேசைக்கு மேலே இரண்டு மணிக்கூடுகள் தொங்குகின்றன. ஒன்று எங்கள் நேரம். மற்றது உலக நேரம், எங்களுடையதைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கும். விமான நிலையத்தில் பறப்புத் திட்டங்களை வாங்குகிற மேசை அது. இரண்டு எட்டுத் தள்ளி, வானிலைப் பகுதியில் எனக்கு ஒரு மேசை. எனக்கு ஊர் நீர்வேலி, அவளுக்குப் புத்தூர். ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போகிறோம்.

ஆறு வருடமாக அவளுடைய கையைத் தாண்டி ஒரு பிழையான நேரம் வெளியே போனதில்லை. மதியம் பசிக்குது என்று நான் சொன்னால், உலக நேரத்துக்கு இன்னும் விடிஞ்சு கன நேரமாகேல்லை என்று பகிடி விடுவாள். ஆனால் வேலையில் அந்த இரண்டு முள்ளையும் அவள் பார்க்கிற பார்வையில் பகிடி இருக்காது. அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கே இன்னும் கொதிக்கும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தி, சண்டை ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில், அவளுக்கும் இருபத்திரண்டு வயது. நல்லூர் செல்வநாயகியின் மகன் றஞ்சித்துக்குப் பேசி, நாள் வைத்து, கூறைச் சேலையும் எடுத்தாயிற்று. எட்டு நாள் இருக்கும்போது செல்வநாயகிக்கு லண்டனில் இருந்து வேறு சம்பந்தம் வந்தது. அதைச் சொல்லி விலகியிருக்கலாம். சொல்லவில்லை. சிவகௌரியின் அப்பா தியாகராசா மாஸ்டர், மகளின் செவ்வாய்க் குற்றத்தை மறைக்கச் சாதகத்தில் பிறந்த நேரத்தை மாற்றி எழுதிவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னாள்.

மாஸ்டர் கணக்குப் படிப்பித்தவர். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புத் துண்டில் விடியப்புறம் நாலு முப்பத்தைந்து என்று இருந்தது. சாதகத்திலும் அதுவே. அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். தேத்தண்ணி கொடுத்தார்கள், கதைத்தார்கள், துண்டை மட்டும் ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் இப்படி நடந்தவர் ஒருநாள் படலையடியில் விழுந்தார். பிரேதத்தைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியபோது துண்டு பையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த சம்பந்தம் ஒவ்வொன்றும் அந்த நேரக் கதையில் வந்து முட்டித் திரும்பிப் போனது. அவள் படித்தாள், சோதனை எடுத்தாள், கொழும்பில் பயிற்சி முடித்து இங்கே வந்தாள். துண்டை அலுவலக அடையாள அட்டையின் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, அதே றஞ்சித் எங்கள் வாசலில் வந்து நின்றான். தலை நரைத்து, கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தான். லண்டனில் பொழுதுபோக்காக விமானம் ஓட்டப் பழகி, உரிமம் எடுத்து, அதை இங்கும் செல்லுபடியாக்கி, தெற்கில் ஒரு பறப்புக் கழகத்தில் நாலு இருக்கை விமானத்தை வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறான். தாய்க்கு எண்பது வயது. தீவுப்பக்கம் ஒரு சுற்றுக் காட்டப் போகிறானாம். விமானத்தை அன்று பின்னேரமே திருப்பிக் கொடுக்கவேண்டும். செல்வநாயகி சக்கர நாற்காலியில், கையில் சாத்திரியார் எழுதிக் கொடுத்த தாளோடு இருந்தாள். ஒன்பது நாற்பதில் இருந்து ஒன்பது ஐம்பத்திரண்டுக்குள் புறப்பட வேண்டும், அதற்கு மேல் அவளுடைய நட்சத்திரத்துக்குச் சந்திராட்டமம். அந்த நேரம் தவறினால் வாசல்படி தாண்டமாட்டாள்.

இரண்டு பேருக்கும் சிவகௌரியை மட்டுக்கட்டத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குலைத்துப் போட்டவர்களுக்கு முகம்கூட ஞாபகம் இல்லை.

றஞ்சித் வந்ததும் வராததுமாகக் குறைப்பட்டான். லண்டனில் வெளிச்ச நாளில் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வர ஒருவரும் தாள் கேட்கிறதில்லை என்றான். சிவகௌரி குரல் உயர்த்தாமல் விளக்கினாள். நாட்டின் எல்லையைத் தாண்டினாலும், விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கீழ் உள்ள வானத்துக்குள் போனாலும் தனியார் விமானி பறப்புத் திட்டத் தாள் கொடுக்கத்தான் வேண்டும். கடலுக்கு மேலே போகிறவன் தன் உயிருக்காகவே கொடுக்கவேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் அந்தத் தாளை வைத்துத்தான் தேடப் போவார்கள். சரியாக நிரப்பிய தாள் புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலம் முந்தியாவது கைக்கு வரவேண்டும் என்றும் சொன்னாள்.

அவன் தாயின் தாளைப் பார்த்துப் பார்த்து நிரப்பி நீட்டியபோது எங்கள் மணிக்கூட்டில் எட்டு நாற்பது. நான் எட்டிப் பார்த்தேன். புறப்படும் நேரம் என்ற பெட்டிக்குள் 0945. சாத்திரியார் சொன்ன நேரத்தை அப்படியே இறக்கி வைத்திருக்கிறான். அந்தப் பெட்டிக்குள் எழுத வேண்டியது உலக நேரம். அவன் எழுதினதன்படி விமானம் கிளம்புவது பின்னேரம் மூன்றே காலுக்கு.

நான் கதிரையோடு அவள் பக்கம் நகர்ந்தேன். "பேசாமல் வாங்கி அனுப்படி. தாயும் மகனும் உள்ளுக்கை ஏறிக் குந்தியிருக்க, கோபுரம் ஏலாது எண்டு சொல்லட்டும்."

அவளுக்கும் ஆசை வந்தது. பேனை, தாளை ஏற்றுக்கொண்டவர் கையெழுத்து வைக்கிற பெட்டிக்கு மேல் போய் நின்றதைக் கண்டேன். பிறகு அதை மூடி வைத்தாள்.

"ஏலாது," என்றாள் மெதுவாக. "பிழையான நேரம் எண்டு தெரிஞ்சும் நான் கையெழுத்து வைச்சா, அவ சொன்னது உண்மையாப் போயிடும்."

தாளை முதல் பெட்டியில் இருந்து வாசிக்கத் தொடங்கினாள். விமானத்தின் அடையாள எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். எத்தனை பேர், எவ்வளவு நேரத்துக்கு எரிபொருள், இங்கே இறங்க முடியாவிட்டால் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டாள். உயிர்காப்பு அங்கி எத்தனை என்றதற்கு அவன் மூன்று என்றான், என்ன நிறம் என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை, விமானத்தடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தான். எல்லாம் தாளில் உள்ள கேள்விதான். மற்ற நாளில் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவாள். அன்று பெரிய முள்ளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, ஆறுதலாக, பெட்டி பெட்டியாக வந்தாள். நேரப் பெட்டிக்குக் கடைசியாகத்தான் வந்தாள்.

"நேரம் பிழை. இது உலக நேரத்திலை இருக்கவேணும்."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு, வெட்டி 0415 என்று எழுதினான். அவள் வாங்கி, இரண்டு மணிக்கூட்டையும் பார்த்து, சரியான தாள் கைக்குக் கிடைத்த நேரத்தைப் பதிந்தாள். எட்டு ஐம்பத்து மூன்று. இனி ஒன்பது ஐம்பத்து மூன்றுக்கு முந்திப் புறப்பட ஏலாது என்றாள். சாத்திரியாரின் நேரம் அதற்கு ஒரு நிமிடம் முந்தி முடிகிறது.

அவன் கெஞ்சினான். பிறகு மேலதிகாரியைக் கேட்டான். மேலதிகாரி வந்து தாளைப் பார்த்து, சரியாகத்தானே செய்திருக்கிறா என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் செல்வநாயகி நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு மேசையடிக்கு வந்தாள். குரலில் தேன் வடிந்தது.

"பிள்ளை, உதிலை எட்டு நாற்பது எண்டு போட்டு விடன். கொஞ்ச நேரத்தை மாத்தி எழுதினா ஆருக்குத் தெரியப் போகுது?"

இருபத்திரண்டு வருடம் காத்திருந்தாலும் இப்படி ஒரு வாய் தானாக வந்து மாட்டுமா?

சிவகௌரி எழுந்து நின்றாள். அடையாள அட்டையைக் கழற்றி, பின்னால் இருந்த துண்டை எடுத்து மேசையில் விரித்தாள். மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்ட துண்டு.

"நாங்கள் நேரம் மாத்தி எழுதிற ஆக்களில்லை, அம்மா. நான் புத்தூர் தியாகராசா மாஸ்டரின்ரை மகள் சிவகௌரி."

செல்வநாயகி கையில் இருந்த தாளைக் கசக்கினாள். றஞ்சித் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துண்டைக் கையில் எடுத்தான். ஊரில் ஒருவரும் பார்க்காததை அவன் பார்த்தான். இரண்டு தரம் வாசித்தான்.

"நாலு முப்பத்தைஞ்சு," என்றான். "சாதகத்திலையும் உதுதானே இருந்தது. அம்மா, ஆஸ்பத்திரித் துண்டிலை வேறை நேரம் கிடக்கு, நான் என்ரை கண்ணாலை கண்டனான் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"என்னை வெளியாலை கொண்டு போ," என்றாள் தாய். அவன் அசையவில்லை. திரும்பவும் கேட்டான். அவள் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

அவன் சிவகௌரியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் துண்டை அவன் கையில் இருந்து வாங்கி, திரும்ப அட்டைக்குப் பின்னால் செருகி, கதிரையில் இருந்துவிட்டாள். பறப்பை ரத்துச் செய்கிறதென்றால் அதையும் எழுதித் தரவேண்டும் என்று மட்டும் சொன்னாள். எழுதிக் கொடுத்தான். தாய் கூப்பிட்டும் அவளுடைய நாற்காலியைத் தொடாமல் முன்னால் நடந்து போனான். ஒரு காவலாளிதான் அவளை வாசல்வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்.

பின்னேரம் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்ததுதான், அவள் வாயால் கேட்க ஆசையாக இருந்தது. வேண்டுமென்றுதானே அவ்வளவு நேரம் எடுத்தாய் என்றேன்.

"ஓம்," என்றாள். "அப்பா அந்தத் துண்டோடை ரெண்டு வருசம் நடந்தவர். நான் எடுத்தது பதின்மூண்டு நிமிசம்."