நாலு கோடி அணில்கள்

ராபோலாஸ் ஸ்டிர்பிஸ் வரையாத பொருள் எங்கள் கௌனாஸ் நகரத்தில் இல்லை. லினோலியத்தைச் செதுக்கி அச்சிட்ட படம், செப்புத்தகட்டுப் படம், நாடகச் சுவரொட்டி, புத்தக அட்டை, தபால்தலை, பல் டாக்டர் தன் புத்தகங்களுக்குள் ஒட்டிக்கொள்ளும் பெயர்ச்சீட்டு வரைக்கும் செய்தான். வயது எண்பத்தொன்று. அவன் வரைந்ததில் பாதியை அச்சடித்தது நான். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, அச்சகத்தில் துடைப்பம் பிடித்து, போர்மேனாகி, நாடு விடுதலையானதும் சொந்தமாக ஆறு இயந்திரம் போட்டவன். அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர் இருந்தால் வரட்டும், பார்க்கலாம்.

1974-ஆம் வருஷம் மிட்டாய்த் தொழிற்சாலைக்கு ஓர் உறை வரைந்தான். பச்சைத் தாளில் சிவப்பு அணில், கையில் கொட்டை. ஒரே மாலையில் முடித்த வேலை. என் அச்சில் சிவப்பு அரை மில்லிமீட்டர் நகர்ந்து, வால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. மூன்று மாதம் அவன் என்னோடு பேசவில்லை. பிள்ளைகளோ அணில் வாலை ஆட்டுகிறது என்று கேட்டு வாங்கித் தின்றார்கள். அப்புறம் தொழிற்சாலையே அந்த வாலைத் திருத்த விடவில்லை. தின்ற பிறகு உறையை நகத்தால் நீவித் தட்டையாக்கிப் புத்தகத்துக்குள் வைக்காத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. நான் அச்சடித்தது மட்டும் நாலு கோடி உறை.

போன வசந்தத்தில் ஆற்றங்கரைக் கலைக்கூடம் ஒன்று அவனுடைய வாழ்நாள் வேலைகளையெல்லாம் கண்காட்சியாக வைத்தது. பொறுப்பு டாக்டர் கிந்த்விலே. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படம் பார்க்கிற டாக்டர். அவர் எழுதிய சிறு புத்தகம் "கைவைக்காத துறையே இல்லாத கலைஞர்" என்று ஆரம்பித்தது. உள்ளே பட்டியலில் அணில் இல்லை.

ராபோலாஸ் என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனான்.

"டாக்டரம்மா, அந்த அணில் ஒண்ண மட்டும் மாட்டிடுங்க. கழிப்பறை வாசல் பக்கமா இருந்தாலும் பரவாயில்ல."

"ஐயா, உங்க படைப்போட மையமே மௌனம்தான். அணில் அதுக்குள்ள உக்காராது."

"மௌனமா? இவனா?" என்றேன். "ரெண்டு பீர் உள்ள போச்சுன்னா இவன் வாய மூட நாலு ஆளு வேணும்மா!"

"அணில் கடைச்சரக்குங்க" என்றார் டாக்டர்.

"தபால்தலையும் விக்கிறதுதானே? அத மாட்டியிருக்கீங்களே?" என்றேன்.

"அத வித்தது அரசாங்கம்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வெளியே வந்து ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தோம்.

"ப்ரோனியுஸ், பதினோரு குளிர்காலம் லினோ செதுக்கினேன்டா. முந்நூறு பேர் பாத்திருப்பாங்க. அணில இந்த ஊரே பாத்துச்சு. இனிமே எனக்கு இன்னொரு கண்காட்சியா வைக்கப்போறாங்க? அது இல்லாம அங்க போயி நின்னா, வேற எவன் வீட்டு விசேஷத்துக்கோ போன மாதிரி இருக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் திறப்பு விழா என்றால், பேச்சு முடிந்ததும் பூ வரிசை. வந்தவர்கள் ஒவ்வொருவராக ஒற்றைப்படையில் பூ கொண்டுவந்து கலைஞர் கையில் கொடுப்பார்கள். அந்த வரிசையை எந்த டாக்டராலும் நிறுத்த முடியாது. நான் போனை எடுத்தேன். இந்த ஊரில் என் போனை எடுக்காதவர் குறைவு.

திறப்பு அன்று மூன்று பேர் பேசினார்கள். மூன்றாமவர் 'இருத்தல்' என்ற சொல்லை ஒன்பது தடவை சொன்னார். பிறகு வரிசை ஆரம்பித்தது. முதலில் நின்றவள் ஸ்டெஃபா, மிட்டாய்த் தொழிற்சாலையில் இருபது வருஷம் பொட்டலம் கட்டியவள். கையில் பூ இல்லை. பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து தட்டையான ஓர் உறையை உருவினாள்.

"இந்தாப்பா ராபோலாஸ், உன் அணிலு. நாப்பத்தஞ்சு வருஷமா சாமிகூடத்தான் படுத்துக் கெடக்கு. அவரு ஒண்ணும் ஆட்சேபம் சொல்லல."

அவளுக்குப் பின்னால் பல் டாக்டர், பஸ் டிரைவர், பள்ளிக்கூட ஆயா. ஒருவர் சமையல் புத்தகத்தோடே வந்துவிட்டார். உறை பீட்ரூட் சூப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டதாம். ராபோலாஸின் இரண்டு கையும் நிறைந்து அணில்கள் தரையில் விழுந்தன. "எங்கிட்ட இருந்தத எங்க அண்ணன் திருடிட்டான்!" என்று ஒருத்தி கத்த, அந்த அண்ணன் வரிசையிலேயே நின்றான். கூடமே சிரித்தது. மௌனம் அன்றைக்கு லீவு.

டாக்டர் கிந்த்விலேயின் முகம் சுருங்கியது. பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கியதும் அதே முகம் விரிந்தது. கைகூடத் தட்டினார்.

மறுவாரம் போனோம். சுவர் முழுக்க உறைகளைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். கீழே அட்டை: "எண் 63. அணில். பார்வையாளர்களின் கூட்டுப் படைப்பு. கருத்தாக்கம்: டாக்டர் கிந்த்விலே."

ராபோலாஸ் அதை இரண்டு தடவை படித்தான். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தான். அச்சுப் படம் என்றால் ஓரத்தில் பென்சிலால் இடப்பக்கம் மொத்தம் அடித்ததில் இது எத்தனையாவது என்ற எண், வலப்பக்கம் பெயர். அறுபது வருஷப் பழக்கம் அவனுக்கு.

"ஐயா! காட்சிப்பொருளத் தொடக்கூடாது!" டாக்டர் ஓடிவந்தார்.

"இன்னும் கையெழுத்தே போடலம்மா, அதுக்குள்ள மாட்டிட்டீங்களே" என்றான் ராபோலாஸ். என் பக்கம் திரும்பி, "எத்தனடா அடிச்ச?"

"நாலு கோடி."

நடு அணிலின் கீழே இடப்பக்கம் 1/40000000 என்று எழுதினான். பூஜ்யம் போட இடம் பற்றாமல் கடைசி இரண்டும் கொட்டை மேல் ஏறிவிட்டன. வலப்பக்கம் ரா. ஸ்டிர்பிஸ். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினான்.

"வாலு உன்னுது. நீயும் போடு."

போட்டேன். என் கையெழுத்து அவனுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. பென்சில் மழுங்கியிருந்தது.