மாமியாருக்குத் தொண்டை கட்டிய வாரம்

பேருந்து ஓட்டியே தலை நரைத்தவர் அவர். இடது கண்ணில் பார்வை மங்கி, டாக்டரும் கையை விரித்துவிட, டிப்போவில் அவரை வண்டி கழுவும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை, மரியாதை போய்விட்டதாக அவருக்கு நினைப்பு. நேற்றுவரை தான் ஓட்டிய வண்டிக்கு இன்று சோப்பு போட்டுத் தேய்க்க வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்தால் உம்மென்று உட்கார்ந்திருப்பார். மனைவியும் மகளும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்கள்.

மாமியார் மட்டும் அசரமாட்டார். தன் மகள் வீட்டோடு வந்துவிட்ட அந்த அம்மாள்தான் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வார். அதுவும் பொத்தாம்பொதுவாக இல்லை. துணி காய்கிற வரைக்கும் மழை பொறுத்திருந்ததற்கு ஸ்தோத்திரம், படியேறும்போது முட்டி மக்கர் பண்ணாததற்கு ஸ்தோத்திரம் என்று அடுக்கிக்கொண்டே போவார்.

"ஆண்டவருக்கு வேற வேலை இல்லையா, உங்க முட்டியைப் பாத்துட்டு இருக்க?" என்று மாப்பிள்ளை ஒருநாள் முணுமுணுத்தார்.

"அவர் பாக்காம? நீங்களா பாக்கறீங்க?" என்று வெடுக்கென்று பதில் வந்தது.

ஒரு வாரம் மாமியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் என்று கையைக் காட்டிவிட்டார்.

மாப்பிள்ளை கண்ணை மூடினார். மனதுக்குள் எங்கே துழாவியும் நன்றி சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், "ஆண்டவரே, இன்னைக்குக் குழாயில தண்ணி நல்ல வேகமா வந்துச்சு. அதுக்கு ஸ்தோத்திரம். ஆமென்" என்றார்.

மகள் களுக்கென்று சிரித்தாள். மனைவி அடக்கப் பார்த்துத் தோற்றாள். மாமியார் சத்தமே இல்லாமல் குலுங்கினார். மாப்பிள்ளைக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மறுநாள் வேலைக்கு நடுவிலேயே கவலை பிடித்துக்கொண்டது. மறுபடியும் குழாயைச் சொன்னால் மகள் மானத்தை வாங்கிவிடுவாளே! வேறு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க ஆரம்பித்தார். கூட வேலை செய்கிறவர், கேட்காமலேயே கனமான வாளியைத் தூக்கிக் கொடுத்தார். பழைய கூட்டாளியான ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, நீங்க கழுவினா கண்ணாடி இருக்கறதே தெரியல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். யோசித்துப் பார்த்தால், இருவரும் தினமும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். இவர்தான் கவனிக்கவில்லை.

வாரக் கடைசியில் அவருடைய ஜெபம் வேறு மாதிரி இருந்தது.

"கண்ணு போனதுக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரல, ஆண்டவரே. கோபம்தான் வருது." கண்ணைத் திறந்து மேசையைச் சுற்றிப் பார்த்தார். "இன்னொரு கண்ணுல இவங்க மூணு பேரும் தெரியறாங்க. அதுக்குச் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோபத்தையும் அவர்கிட்டயே சொல்லிட்டீங்க. நல்லதுதான், மாப்பிள்ளை" என்றார் மாமியார், கரகரத்த குரலில்.

தொண்டை சரியான பிறகும் மாமியார் ஜெபம் சொல்லும் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளைக்குக் கண் தேறவில்லை, வேலையும் கொட்டகையில்தான். முகம் சுண்டிப்போய் வீடு திரும்பும் நாட்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும், செருப்பைக் கழற்றும்போதே அன்று கண்டதையும் கேட்டதையும் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்.

"ஜெபத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று சிரித்தபடி தட்டுகளை எடுத்து வைக்கிறாள் மனைவி.