கடலுக்குப் போன ஓடிபி

நெட் சென்டர் நடத்தக் கம்ப்யூட்டர் மட்டும் தெரிஞ்சா போதாது, பெத்தவங்களைச் சமாளிக்கவும் தெரியணும். ராயபுரத்துல மூணு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா நான் கத்தின கத்தல்ல முக்கால்வாசி அவங்களைப் பார்த்துக் கத்தினதுதான். காலேஜ்ல இப்பல்லாம் விருப்பப் பாடத்தை செமஸ்டருக்கு செமஸ்டர் ஆன்லைன்ல பதியணும். முந்தினவங்களுக்குத்தான் இடம். அதோட விட்டாங்களா? பெத்தவங்க சம்மதம்னு சொல்லி அவங்க நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்புவாங்க, அதையும் போட்டாத்தான் இடம் உறுதி. காலேஜ் போற பிள்ளை வீட்டுல இருந்தா உங்களுக்கே தெரியும் இந்த அவஸ்தை.

போன செமஸ்டர் பதிவு ஒரு சனிக்கிழமை வந்துச்சு. காலையில பத்து மணிக்குத் திறக்கும். அன்னிக்கு எனக்குப் பெரிய கவலை தீபிகாதான். காசிமேட்டுப் பொண்ணு, பி.காம். கடைசி வருஷம். கப்பல் சரக்குப் பத்திரங்களைப் பத்தி ஒரு பாடம் இருக்கு, நாப்பதே நாப்பது இடம். அதைப் படிச்சவங்களைத்தான் ஹார்பர் பக்கத்துல ஒரு கம்பெனி பயிற்சிக்கு எடுக்குது. போன வருஷம் அவளுக்கு அது கிடைக்கலை. காலேஜ்ல கொடுத்திருந்தது அப்பா காசியோட நம்பர்; ஓடிபி போன நேரத்துல அவரு போனோட நடுக்கடல்ல மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. இந்தத் தடவையும் விட்டா அவ்வளவுதான், அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது.

காலிப் போன்

ஒன்பது மணிக்கே தீபிகாவும் அவங்க அம்மா சுந்தரியும் வந்துட்டாங்க. சுந்தரி மீன் மார்க்கெட்ல கடை போடுறவ. முந்தானையில சுத்தி வெச்சிருந்த போனை எடுத்து என் மேஜை மேல வெச்சா. "இந்த வாட்டி பேஜாரே இல்ல மேரிக்கா. போனை வூட்டுலயே வெச்சுட்டுத்தான் கடலுக்குப் போயிருக்காரு"ன்னா. எதுக்கும் இருக்கட்டும்னு அந்த நம்பருக்கு அடிச்சுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்காராம். போன் என் கண்ணெதிர்ல கிடக்குது! சிம் போடுற இடத்தைத் திறந்தா உள்ளே காலி.

நடந்தது இதுதான். மீன்பிடி போட்டு கரையை நெருங்கும்போது மீன் வியாபாரிங்க அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க. அதனால காசி சிம்மைக் கழட்டிப் பட்டன் போன்ல போட்டு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. பக்கத்து வீட்டு வைஃபைல சிம் இல்லாமலே வாட்ஸாப் வருதுல்ல, ஓடிபியும் அப்படித்தான் வரும்னு மனுஷன் நினைச்சுட்டாரு. நான் வழக்கம்போல ஆரம்பிச்சேன், "ஏன்யா, ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாயா தேஞ்சிடும்?"னு, இல்லாத மனுஷனைப் பார்த்து. சுந்தரி உட்கார்ந்து அழுற ஆளில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு வாசல்ல இறங்கினா. "நீ கத்திக்கினே இரு யக்கா. போட்டு ஓனராண்ட வயர்லெஸ் கீது, நான் போயி எங்க வூட்டுக்காரரைக் கடல்லேர்ந்தே கூப்டறேன்!"

கிரேன் பிடிக்கிற கை

பத்தாக அஞ்சு நிமிஷம் இருக்கும்போது சுந்தரி போன் பண்ணினா. வயர்லெஸ்ல ஆள் கிடைச்சுட்டாராம். போட்டைக் கரைப் பக்கம் திருப்பிட்டாங்களாம். ஆனா டவர் கிடைக்கிற தூரத்துக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகுமாம். ஒரு மணி நேரத்துக்கு நாப்பது இடம் தாங்குமா? தீபிகா பதிவுப் பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா.

அடுத்த கம்ப்யூட்டர்ல ஒரு பையனும் அவன் அப்பா மாணிக்கமும். அவரு ஹார்பர்ல கிரேன் ஆபரேட்டர். சரியா பத்து மணிக்குப் பையன் கையைத் தட்டிவிட்டுட்டு அவரே மவுசைப் பிடிச்சு ஓர் அமுக்கு அமுக்கினாரு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைக்கு காளான் வளர்ப்புப் பாடம் பதிவாயிடுச்சு! பையன் பெரிய மனுஷன் மாதிரி, "பரவால்லப்பா, ஓடிபி போடாத வரைக்கும் மாத்திக்கலாம்"னு சொல்லி அதை எடுத்துட்டு, வேணும்கிற பாடத்தை ரெண்டே நிமிஷத்துல போட்டான். அதுவரைக்கும் அப்பா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு வாசல்ல நின்னாரு. ஓடிபியை மட்டும் படிச்சுக் காட்டிட்டு என்கிட்ட வந்து சொன்னாரு: "நாப்பது டன்னு கண்டெய்னரை சத்தம் வராம கப்பல்ல வெக்கிறவன்மா நானு, இத்துனூண்டு மவுசு எங்கிட்ட வேலை காட்டிடுச்சு பாரேன்!"

அப்ப தீபிகாவோட பாடத்துல இருபத்தெட்டு இடம் பாக்கி.

பத்தரை வரைக்கும் ராகு

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுல வேலை பார்க்கிற கோதண்டம் பத்து மணிக்கு முன்னாடியே மகளைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தாரு. சனிக்கிழமை ஒன்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும் ராகு காலம், அதுவரைக்கும் கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாதுன்னு பிள்ளையை வாசல் பெஞ்சில உட்கார வெச்சுட்டாரு. "சார், உங்க ராகுவுக்காக அந்த இடமெல்லாம் காத்துக்கிட்டு நிக்காது"ன்னு கத்திப் பார்த்தேன். அசையலை. பொண்ணு நந்தினி என்னைப் பார்த்துக் கண்ணடிச்சா. எனக்கு ஒண்ணும் புரியலை.

பத்தரை தாண்டி ஒரு நிமிஷம். கோதண்டம் கண்ணை மூடிக் கும்பிட்டாரு. நந்தினி உள்ளே வந்து பட்டனைத் தட்டினா. இடம் உறுதின்னு பச்சை எழுத்துல வந்துச்சு! விஷயம் என்னன்னா, அவ பத்து மணி ரெண்டு நிமிஷத்துக்கே பெஞ்சில உட்கார்ந்து தன் போன்லயே பதிஞ்சு முடிச்சுட்டா. வீட்டுலேர்ந்து ஓடிபியை அனுப்பினது அவங்க அம்மா. பெத்தவங்கள்ல ஒருத்தராவது பிள்ளை பக்கம் நின்னா போதும்னு அன்னிக்கு எனக்குப் புரிஞ்சுது. கோதண்டத்துக்கு இன்னி வரைக்கும் தெரியாது. என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கிட்டே சொன்னாரு: "பாத்தியாம்மா? ராகு எறங்கட்டும்னு சொன்னனா இல்லியா? ஒரே தட்டு!"

டவர் கிடைச்ச இடம்

பத்தே முக்காலுக்கு ஒன்பது இடம். பத்து ஐம்பதுக்கு ஆறு. கடையில அத்தனை பேரும் தீபிகா முதுகுக்குப் பின்னால நின்னோம். கிரேன்காரர் கூடப் போகலை. ஒரு நல்ல பிள்ளையோட ஒரு வருஷக் கனவு ஒரு சிம் கார்டால போகப் போகுது. அப்பத்தான் தீபிகா போன் அடிச்சுது. போட்டு டிரைவரோட போன்லேர்ந்து காசி. பின்னால இன்ஜின் சத்தம். "டவரு வந்துட்ச்சுமா, அனுப்பு!"

அமுக்கினா. அங்கே பட்டன் போன் கிணிங்குன்னு கேட்டுச்சு. "நாலு... ஒண்ணு... ஏழு... ஏழு..." அதோட லைன் போயிடுச்சு. பாக்கி மூணு இடம். திரும்ப அடிச்சா கிடைக்கலை. இன்னொரு தடவை. கிடைச்சுது! "ரெண்டு, ஒம்போது. ரெண்டு, ஒம்போதுமா!"ன்னு கடல்லேர்ந்து காசி கத்துறாரு. போட்டா. பச்சை எழுத்து வந்துச்சு.

நாங்க போட்ட சத்தத்துல தெருவே வந்து எட்டிப் பார்த்துச்சு. போட்டு ஓனர்கிட்டேயிருந்து ஓடி வந்த சுந்தரி மகளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. எனக்கும் அழுகை வந்துடுச்சு, அதை மறைச்சு என்ன ஆகப்போகுது? போனை வாங்கி, "போட்ட வலையைப் பாதியிலயே சுருட்டிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தீங்களே அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றது"ன்னு டிரைவர்கிட்ட கேட்டேன். அந்த மனுஷன் சொன்னாரு: "வலையை நாளைக்கும் வுடலாம் யக்கா, கொயந்தைக்கு சீட்டு நாளைக்குக் கெடைக்குமா?"

ஆக, பெத்தவங்களே, எந்தப் பாடம்னு பிள்ளைங்க பார்த்துக்குவாங்க, நீங்க டவர் கிடைக்கிற தூரத்துல வாயை மூடிக்கிட்டு இருந்தா அதுவே பெரிய புண்ணியம்.